உரையும் ஊதியமும்: அறிவியல் அறிஞர் சொல்லை எவ்வாறு எடை போடுவது?



வகுப்பறையில் இன்று ஆசிரியர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. ஓர் ஆய்வு முடிவைச் சொன்னவுடன், "அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார்?" என்று ஒரு மாணவர் எழுந்து கேட்கிறார். நல்ல வினாதான். ஆனால் வினா கேட்ட அளவிலேயே விடையும் கிடைத்துவிட்டதாக அவர் அமர்ந்துவிடுகிறார். பணம் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். ஆகவே முடிவு பொய். மற்றொரு பக்கத்தில், "வல்லுநர் சொல்லிவிட்டார், இனி நாம் பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்று பணிந்துவிடும் மாணவரும் இருக்கிறார். இருவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதுபோல் தோன்றினாலும், செய்தியை ஆராயும் உழைப்பை இருவருமே தவிர்த்துவிடுகின்றனர். இவ்விருவர்க்கும் இடையே உள்ள வழியைத் தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

உரை என்னும் அளவை

பிறர் சொல்லைக் கொண்டு ஒன்றை அறியலாமா என்னும் கேள்வி நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் அறிவுக்குரிய வாயில்களை அளவைகள் என்றனர். கண்டறிவது காட்சி, கண்டதைக் கொண்டு காணாததை உய்த்தறிவது கருதல், நம்பத்தக்கார் சொல்லைக் கேட்டறிவது உரை. சைவ சித்தாந்த நூல்கள் இம்மூன்றையும் தலைமை அளவைகளாகக் கொண்டு விரித்துப் பேசுகின்றன.

நம்பத்தக்கார் யார்? நியாய நூலுக்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர் இதற்கு இரண்டு இலக்கணம் கூறினார். சொல்லும் பொருளை அவர் நேரே அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தவாறே சொல்லும் விருப்பமும் அவருக்கு இருக்க வேண்டும். இவ்விலக்கணம் முனிவர்க்கும் ஆரியர்க்கும் மிலேச்சர்க்கும் பொது என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். பட்டமோ பிறப்போ நம்பத்தக்காரை ஆக்குவதில்லை என்பது இதன் கருத்து.

மணிமேகலை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயத்தாரின் கொள்கைகளையும் கேட்கிறாள். அளவைவாதி அவளுக்குப் பத்து, எட்டு, ஆறு என ஆசிரியர்தோறும் வேறுபடும் அளவைத் தொகைகளை எடுத்துரைக்கிறான். பின்னர்த் தருமம் கேட்கும்போது அறவண அடிகள் சொல்லும் தொகை இரண்டே: காட்சியும் கருதலும். ஏனையவை கருதலுள் அடங்கும் என்பது பௌத்தர் கொள்கை. இதன்படி பிறர் சொல் தானாகவே அறிவாகிவிடாது. இவர் அறிந்தவர், இவர்க்குப் பொய் சொல்லக் காரணமில்லை என்று நாம் கருதித் தெளிந்த பின்னரே அவர் சொல் நமக்கு அறிவாகும்.

ஆக, இரண்டு கேள்விகள் நம் கையில் உள்ளன. இவருக்கு இது எப்படித் தெரியும்? இவர் இதை ஏன் சொல்கிறார்? இக்கால வழக்கில் முதலாவது தகுதி பற்றியது. இரண்டாவது நலன் பற்றியது. இனி வரும் நிகழ்வுகளை இவ்விரு கேள்விகளோடும் வைத்துப் பார்ப்போம்.

வல்லுநர் தவறிய இடம்: நிப்பா

முதல் நிகழ்வு நம் மண்ணில் நடந்தது. 1998 செப்டம்பர் இறுதியில் பேராக் மாநிலத்தில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் கடுங்காய்ச்சலும் மூளை அழற்சியும் கண்டு இறக்கத் தொடங்கினர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று சுகாதாரத் துறையினர் முடிவு செய்தனர். அம்முடிவு பொறுப்பற்றதன்று. அந்நோய் இவ்வட்டாரத்தில் முன்பே அறியப்பட்டது; அதன் கிருமி பன்றிகளில் பெருகிக் கொசுவழி மனிதருக்கு வருவது; நோயாளர் சிலரது குருதியிலும் அதற்கான அடையாளங்கள் தென்பட்டன. ஆகவே கொசுப்புகை அடித்தனர். மக்களுக்கும் பன்றிகளுக்கும் தடுப்பூசி போட்டனர்.

ஆனால் பண்ணையாளர்கள் கண்ட காட்சி வேறு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இங்கே இறந்தவர்கள் பன்றிகளைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் இறந்தனர். பன்றிகளோ குரைப்பது போன்ற இருமலோடு நோயுற்றன. கொசு ஆள்பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் அதே வட்டாரத்தில் பன்றியோடு தொடர்பற்ற குடும்பங்களை இந்நோய் தீண்டவில்லை. நியாய உரைகாரரின் இலக்கணப்படி, பொருளை நேரே அறிந்தவர் அங்கே பண்ணைத் தொழிலாளிதான். அவர்தம் சொல் மேலே சென்று சேர மாதங்கள் ஆயின. அதற்குள் நோயுற்ற பன்றிகள் தெற்கே விற்கப்பட்டு, நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டுக் பகுதிக்கு நோய் பரவிவிட்டது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நச்சுயிரியல் பயின்றுகொண்டிருந்த மருத்துவர் சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து முன்பின் அறியாத ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அதை அமெரிக்க ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியின் இனமே அன்று எனத் தெளிவாயிற்று. நோயாளி வாழ்ந்த சுங்கை நிப்பா சிற்றூரின் பெயரே கிருமிக்கும் பெயராயிற்று. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர் என்பது பெரிதும் எடுத்தாளப்படும் கணக்கு. சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்று ஒருவர் இறந்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பழந்தின்னி வௌவால்களே கிருமியின் இயற்கை உறைவிடம் என்பது பின்னர்த் தெரியவந்தது.

இந்நிகழ்வில் எவரும் எவரிடமும் பணம் பெற்றுப் பிழைபடப் பேசவில்லை. தெரிந்த நோயின் சட்டத்துக்குள் தெரியாத நோயை அடைக்க முற்பட்டதே பிழை. வல்லுநர் தவறுவதற்கு ஊழல் தேவையில்லை; பழக்கம் போதும். பண்ணையாளரின் ஐயம் சரியானது. ஆயினும் கொசுவன்று எனில் வேறு எது என்பதை அந்த ஐயம் மட்டும் சொல்லியிருக்க இயலாது. வல்லுநரின் பிழையைக் கண்டுபிடித்தவரும் அத்துறைக்குள் உழைத்த ஒருவரே.

ஐயமே சரக்கான இடம்: புகையிலை

இனி ஊதியத்துக்கு வருவோம். 1950இல் பிரித்தானியாவில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும், அமெரிக்காவில் வைண்டரும் கிரகாமும், புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைத் தனித்தனியே வெளியிட்டனர். 1953 டிசம்பரில் அமெரிக்கச் சிகரெட் நிறுவனத் தலைவர்கள் நியூயார்க் பிளாசா விடுதியில் கூடினர். 1954 ஜனவரி 4ஆம் நாள் 400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் ஒரு முழுப்பக்க அறிக்கை வெளிவந்தது. மக்கள் நலனைத் தங்கள் முதற்கடமையாகக் கொள்வதாகவும், உண்மையைக் கண்டறிய ஆய்வுக்குழு ஒன்றை அமைப்பதாகவும் அவர்கள் அதில் உறுதி கூறினர்.

அக்குழுவின் அறிவியல் இயக்குநராக அமர்த்தப்பட்ட கிளாரன்ஸ் குக் லிட்டில் போலி அறிஞர் அல்லர். மரபியலாளர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர், புற்றுநோய்த் தடுப்புச் சங்கத்தை நடத்தியவர். குழுவின் நல்கையால் நடந்த ஆய்வுகளிலும் மெய்யான அறிவியல் பல இருந்தன. புற்றுநோயின் அடிப்படை பற்றி, மரபு பற்றி, கிருமிகள் பற்றியெல்லாம் ஆராய்ந்தனர். சிகரெட்டைப் பற்றி நேரே கேட்க வேண்டிய கேள்வியைத்தான் பெரிதும் விலக்கி வைத்தனர். ஒவ்வோர் ஆய்வும் உண்மையாக இருக்க, மொத்தம் திசைதிருப்பலாக முடிந்தது.

ஐயம்தான் தாங்கள் விற்கும் சரக்கு என்னும் பொருள்பட ஒரு சிகரெட் நிறுவனத்தின் 1969ஆம் ஆண்டு உட்குறிப்பு எழுதியது. புகை தீங்கற்றது என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை என்று மக்கள் நினைத்தால் போதும். 1990களில் நீதிமன்ற வழக்குகளின் பயனாக இலட்சக்கணக்கான உள் ஆவணங்கள் வெளிவந்தன. 2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், நிறுவனங்கள் பல்லாண்டு காலம் மக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்தார்.

இவ்வரலாறு நமக்கு இருமுனையிலும் பயன்படுவது. நல்கை அறிவியலைக் கெடுக்கும் என்பதற்கு இது பெருஞ்சான்று. அதே வேளையில், "வல்லுநர்களை நம்பாதீர்" என்னும் முழக்கமே பணம் கொடுத்து உருவாக்கப்பட்ட சரக்காக இருக்கலாம் என்பதற்கும் இதுவே சான்று.

ஒரே கை தந்த இரு நல்கைகள்: ஈயம்

பெட்ரோலில் ஈயம் சேர்த்த கதை இதனினும் நுட்பமானது. 1923இல் அமெரிக்காவில் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதன் ஆலைகளில் தொழிலாளர் மூளை கலங்கி இறந்தனர். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஈயத்தின் நலவாழ்வு விளைவு பற்றிய ஆய்வில் மேலோங்கி நின்றவர் ராபர்ட் கேஹோ. அவருடைய ஆய்வகம் ஈயக் கலவையை விற்ற தொழில்துறையின் நல்கையால் இயங்கியது. மனித உடலில் ஈயம் இருப்பது இயற்கை, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அது தீங்கு செய்யாது, தீங்கு உண்டெனில் சான்று காட்டுக என்பது அவர் நிலைப்பாடு. சான்று தேட வேறு ஆய்வகங்களிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே சான்று இல்லை என்பதே சான்றாகிவிட்டது.

அந்நிலையை உடைத்தவர் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் கிளேர் பேட்டர்சன். அவர் மருத்துவர் அல்லர். 1956இல் பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டு என்று கணக்கிட்டுச் சொன்ன புவிவேதியியலாளர். அக்கணக்குக்காக ஈயத்தை நுட்பமாக அளக்க முனைந்தபோது, ஆய்வகக் காற்றிலும் தூசியிலும் எங்கும் ஈயம் கலந்திருப்பதை அவர் கண்டார். கடல்நீரை ஆராய்ந்து, இக்கால மனிதர் சுமக்கும் ஈயம் இயற்கை அளவினும் பன்மடங்கு என 1965இல் எழுதினார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேட்டர்சனின் கடலாய்வுக்கும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் நல்கை அளித்திருந்தது. "பணம் கொடுத்தவர் யார்?" என்று மட்டும் கேட்டிருந்தால், கேஹோவையும் பேட்டர்சனையும் ஒரே கூடையில் இட்டிருப்போம். வேறுபாடு முறையில் இருந்தது. பேட்டர்சன் தம் அளவைகளில் மாசு புகாதபடி தூய ஆய்வறை அமைத்தார். தம் முறையைப் பிறர் திரும்பச் செய்து பார்க்கும்படி வெளியிட்டார். வேறுபாடு விளைவிலும் இருந்தது. தொழில்துறைக்கு ஒவ்வாத முடிவு வந்ததும் அந்நல்கை நின்றது. 1971இல் காற்றிலுள்ள ஈயம் பற்றி அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் அமைத்த குழுவிலும் அவருக்கு இடம் தரப்படவில்லை. ஆயினும் அளவைகள் நின்றன. 1990களின் இறுதியளவும் நம் சாலைகளிலும் ஓடிய ஈயப் பெட்ரோல், 2021இல் உலகின் கடைசி நாட்டிலும் நிறுத்தப்பட்டதாக ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு அறிவித்தது.

ஐயுறுவோரின் பையையும் பார்த்தல்

பணத்தின் பின்னே சென்று ஆராய்வோர் பலர், ஒரு பக்கத்துப் பையை மட்டுமே சோதிக்கின்றனர். 1998இல் லண்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் உடன் ஆய்ந்தோரும் 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். தட்டம்மை, புட்டாளம்மை, ஜெர்மன் அம்மை ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியைத் தற்புனைவு நோயோடு அது தொடர்புபடுத்தியது. மருந்து நிறுவனங்களை எதிர்த்து நிற்கும் தனிமனிதர் என்று அவரைப் பலர் போற்றினர். தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர் வழியாக அவர் நான்கு லட்சம் பவுண்டுக்கு மேல் பெற்றிருந்தார். தனித் தட்டம்மைத் தடுப்பூசி ஒன்றுக்குக் காப்புரிமையும் கோரியிருந்தார். இவற்றைச் செய்தியாளர் பிரையன் டீர் வெளிக்கொணர்ந்தார். 2010இல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மருத்துவர் பதிவேட்டிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது.

ஆனால் தடுப்பூசி பற்றிய கேள்வி அவர் பணம் பெற்றார் என்பதால் முடிவுற்றதன்று. பல நாடுகளில், வெவ்வேறு நல்கையில், இலட்சக்கணக்கான குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் அத்தொடர்பைக் காணவில்லை என்பதாலேயே முடிவுற்றது. பணம் ஐயுறுவதற்குக் காரணம் தரும். தீர்ப்பைத் தருவது சான்றுதான். இதில் பிழைப்போமானால் விலை கொடுப்பவர் குழந்தைகள். மலேசியாவில் 2016இல் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தவர்களில் தடுப்பூசி போடப்படாத குழந்தைகளும் இருந்தனர்.

எதிர்ப்புறத்திலும் நாம் நிதானம் இழத்தலாகாது. 1967இல் ஹார்வர்டு அறிஞர்கள் இதய நோய் பற்றிய மீள்பார்வைக் கட்டுரை ஒன்றை எழுதினர். சர்க்கரைத் தொழில்துறை அதற்கு 6,500 டாலர் கொடுத்தது கட்டுரையில் குறிக்கப்படவில்லை என்பதை 2016இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் ஆவணங்களோடு வெளியிட்டனர். உலகெங்கும் அது செய்தியாயிற்று. 2018இல் வேறு வரலாற்றாசிரியர் இருவர், அக்காலத்தில் அத்தகைய நல்கை வழக்கமே என்றும், கொழுப்பைக் குற்றஞ்சாட்டியவர்களுக்குத் தங்களுக்கென அறிவியல் காரணங்கள் இருந்தன என்றும் மறுத்து எழுதினர். பணம் பெற்றதை மறைத்தது பிழை. ஆயினும் அதனால் கொழுப்பைப் பற்றிய எல்லா ஆய்வும் பொய்யாகிவிடாது.

வகுப்பறைக்கு ஐந்து வினாக்கள்

இவற்றிலிருந்து மாணவர் கையில் கொடுக்கத்தக்க வினாக்களை வரிசைப்படுத்துவோம்.

முதலாவது, சொல்பவர் இதை எவ்வாறு அறிந்தார்? அளந்தாரா, கேட்டாரா, ஊகித்தாரா? நேரே கண்டவர் வேறு எவரேனும் உளரா?

இரண்டாவது, நல்கை தந்தவருக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தது? கேள்வியை அவர் தேர்ந்தாரா? பிடிக்காத முடிவை வெளியிடாமல் தடுக்க அவரால் இயலுமா? மருந்துச் சோதனைகளைத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்று 2005 முதல் முன்னணி மருத்துவ இதழ்கள் விதித்தது இக்காரணத்தால்தான். பதிந்த சோதனையைப் பின்னர் ஒளிப்பது கடினம்.

மூன்றாவது, வேறு நலன் உடைய, வேறிடத்துப் பணம் பெற்ற குழுவினரும் அதே முடிவுக்கு வந்தனரா? பகைவரும் ஒத்துக்கொள்ளும் முடிவுக்கு எடை மிகுதி.

நான்காவது, எச்சான்று கிடைத்தால் தம் கருத்தை மாற்றிக்கொள்வதாக அவர் சொல்கிறார்? எதனாலும் மாறாத கருத்து, வல்லுநருடையதாயினும் அவரை மறுப்பவருடையதாயினும், ஆய்வுக்கு உட்படாதது.

ஐந்தாவது, நமக்குப் பிடித்த செய்தியிடமும் இதே நான்கு வினாக்களையும் கேட்டோமா?

பயிற்சிக்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் சமையலறைச் செம்பனை எண்ணெயே போதும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சோயா உற்பத்தியாளர் செம்பனை எண்ணெய் இதயத்துக்குத் தீது என்று பரப்புரை செய்தனர். அவர்கள் விற்றது சோயா எண்ணெய். மலேசியாவிலோ செம்பனை ஆய்வுக்கு அத்தொழில் செலுத்தும் தீர்வையிலிருந்தே பணம் வருகிறது. இரு பக்கமும் நலன் உண்டு. இரண்டையும் தள்ளிவிட்டு என்ன செய்வது? செம்பனை எண்ணெயில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பது எவரும் அளந்து பார்க்கக்கூடிய செய்தி. நிறைவுற்ற கொழுப்பை அளவோடு உண்க என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இங்கிருந்து தொடங்கி, இரு தரப்பின் கூற்றையும் மாணவர் எடை போடட்டும். நம் பாட்டன் பாட்டியர் பலர் தோட்டங்களில் உழைத்து வளர்த்த பயிர் இது. அந்தப் பற்றும் ஒரு நலன்தான் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

மொழிக்கு உள்ள கடமை

மொழிக்கென உள்ள பேரவையில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் ஐயம் என்னும் சொல்லும் அவநம்பிக்கை என்னும் சொல்லும் வேறு வேறு. ஐயம் இரண்டு பக்கத்துக்கும் நடுவே நின்று தெளிவைத் தேடும் நிலை. அவநம்பிக்கை முன்பே ஒரு பக்கம் சாய்ந்து, தேடலை முடித்துக்கொண்ட நிலை. "ஐயந்திரிபற" என்று நாம் கட்டுரைகளில் எழுதும்போது, ஐயத்தைக் கடந்தே தெளிவுக்கு வர வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொள்கிறோம். மாணவர் "எனக்கு ஐயம்" என்று எழுந்தால் அவரை அமர்த்திவிடாமல், "எதில் ஐயம்? எது கிடைத்தால் தெளிவீர்?" என்று ஆசிரியர் கேட்க வேண்டும். அறிவியல் செய்திகளைத் தமிழில் எழுதுவோரும், "ஆய்வு கூறுகிறது" என்று முடிக்காமல், எவர் ஆய்வு, எத்தனை பேரிடம், எவர் நல்கையில் என்பதையும் ஒரு வரியில் சேர்ப்பது நன்று. அவ்வொரு வரி இருந்தால்தான் படிப்பவர் எடை போட இயலும்.

அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்பவரை விட்டுச் சொல்லப்படும் பொருளின் மெய்ம்மையைத் தேடச் சொன்னார் என்பதை நாம் அனைவரும் சிறுவயதிலேயே கற்றோம். அக்கட்டளை பெரியோர் சொல்லுக்கும் பொருந்தும். பெரியோரைப் பழிப்போர் சொல்லுக்கும் பொருந்தும். சுங்கை நிப்பாவில் தொழிலாளியின் காட்சியும் ஆய்வாளரின் நுண்ணோக்கியும் முன்பே ஒன்றையொன்று கேட்டிருந்தால், சில உயிர்களேனும் தப்பியிருக்கலாம். நாளை இன்னொரு நோய் வரும்போது, அந்த இரு பக்கத்திலும் இன்றைய நம் மாணவர்கள் இருப்பார்கள். கேட்கவும் கேட்டதை ஆராயவும் அவர்களைப் பழக்குவோம்.